சிம்ஹாவின் சிலேட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடித்ததும், சவுரியம்மாள் டீச்சர் சிம்ஹாவின் சிலேட்டை மட்டும் பிடுங்கிக்கொள்வார்.

"இன்னாடி இது, கோழி கிளறின மாதிரி? திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோ!"

அநியாயம்! வகுப்பிலேயே முத்து முத்தாக எழுதுபவள் சிம்ஹா. உண்மையில் கோழி கிளறியது என் சிலேட்டில்தான். அதை டீச்சர் கண்டுகொள்ளவே மாட்டார்.

1934இல் ஆம்பூரில் இருந்த ஒரே யூதக் குடும்பம் அவளுடையது. அப்பா எலியாசர் கொச்சியிலிருந்து வந்து தோல் மண்டி வைத்திருந்தார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. நாங்கள் டிக்டேஷன் எழுதுவோம். சிலேட்டு இல்லாத சிம்ஹா சுவரோரம் நின்று வாயால் ஒப்பிப்பாள். அழவும் மாட்டாள், அழுத்தக்காரி.

"யூதப் பொண்ணுன்னு டீச்சருக்கு வஞ்சம், சைரா. ஃபெயிலாக்கித் துரத்திடுவாங்க பாரு" என்றாள் தில்ஷாத்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று மத்தியானமே இருவரும் எலியாசர் வீட்டுக்குப் போனோம். மண்டிக்குப் போகாமல், மடியில் வேதப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சாச்சா, டீச்சர் மேல ஹெட்மாஸ்டர்கிட்ட புகார் குடுங்க!"

முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள்மா. எழுதக் கூடாது. சிம்ஹாவுக்கு நான் சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதான். ஹெட்மாஸ்டர்கிட்ட கெஞ்சிப் பார்த்தேன். எழுத மாட்டேன்னா பேரை அடிச்சுடுவேன்னுட்டார். வேதமா, படிப்பான்னு தவிச்சுப் போய்ட்டேன்."

"டீச்சர் இன்னா சொன்னாங்க?"

"பக்கத்துலதான் நின்னாங்க. வாயே தொறக்கல. அந்த வெள்ளிக்கிழமையிலருந்துதான் இவ கையெழுத்து மோசமாச்சு."

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை, மணி அடிக்கும் நேரத்தில் ஹெட்மாஸ்டரே வகுப்புக்குள் வந்துவிட்டார். டீச்சர் மேஜைமேல் இருந்த சிம்ஹாவின் சிலேட்டை எடுத்துப் பார்த்தார்.

"பேஷ்! யாரோடது இது?"

டீச்சர் கை நீட்டியபடியே நின்றுவிட்டார். சிம்ஹாவின் முகம் வெளுத்தது. நாளைக்கு அந்தச் சிலேட்டு அவள் கையில் இருந்தால் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் பள்ளிக்கூடம் போச்சு.

நான் எழுந்தேன்.

"என்னோடது சார். சிம்ஹாவோடது இது!"

நான் நீட்டிய சிலேட்டைப் பார்த்து ஹெட்மாஸ்டர் முகம் சுளித்தார்.

"கர்மம்! டீச்சர், திங்கக்கிழமை வரைக்கும் இதை அவகிட்ட குடுக்காதீங்க!"

"சரிங்க சார்" என்றார் டீச்சர், என்னைப் பார்த்தபடி.

இத்தனை வருஷத்தில் என் கையெழுத்து ஒருவருக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.