இடப்பக்கமாகத் திரும்பி

விளக்கணைத்த எக்கோ ஸ்கேன் அறையில் திரை மட்டும் மினுங்குகிறது. கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்த மகனின் முதுகை ஒரு கையாலும், அவனால் தூக்க முடியாத கையை மறு கையாலும் தாங்கியபடி நிற்கிறாள் அம்மா. அவன் கைகால் தசைகளை உருக்கிய டுஷேன் நோய் இதயத்தையும் தொட்டுவிட்டதா என்று பார்க்கிறார்கள்.

"அசையாதீங்க தம்பி," என்கிறாள் நெஞ்சில் கருவியை அழுத்தும் டெக்னீஷியன்.

"அதுல நான் கில்லாடிக்கா."

மூவரும் சிரிக்கிறார்கள். பிறகு டெக்னீஷியன் இதயத்தின் ஒரே சுவரைத் திரும்பத் திரும்ப அளக்கிறாள்.

"அம்மா, மூக்கு அரிக்குது."

எந்தக் கையை எடுத்தாலும் அவன் சரிந்துவிடுவான். அம்மா குனிந்து, தன் கன்னத்தால் அவன் மூக்கைத் தேய்க்கிறாள்.

"ஈரமா இருக்கும்மா," என்கிறான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.