இரண்டு ‘போ’

டப்பிங் அறை இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. தொடரில் எல்லார் மேலும் எரிந்து விழும் அந்தச் சிடுமூஞ்சி டாக்டரம்மா காதலனிடம் “போ” என்கிறாள். அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போயே விடுகிறான். அடுத்த காட்சியில் சிநேகிதியிடமும் அதே “போ”தான். சிநேகிதியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே எடுத்துத் தின்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தோளில் பையை மாட்டிக்கொண்டு, கிளம்புகிற அவசரத்தில் நிற்கிறார். “அதே ‘போ’ தானேக்கா? முன்னாடி பேசினதையே இங்கயும் ஒட்டிடறேன்.” டாக்டரம்மாவுக்குக் குரல் கொடுப்பவள் உள்ளேயிருந்து சீறுகிறாள். “கைய வெக்காத தம்பி! அவன்கிட்ட சொல்ற ‘போ’ல பயம் இருக்கு, நிஜமாவே போயிடுவானோன்னு. இவகிட்ட அந்தப் பயமே கிடையாது.” அவர் நின்றபடியே பதிவை ஓடவிடுகிறார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மைக்கிலிருந்து முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, பாதி மூச்சில் சொல்கிறாள்: “போ.” ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்துகிறார். இன்றைக்கு இதுதான் கடைசி வசனம். இனி அவர் கிளம்பலாம். தோள்பை கீழே இறங்குவதும், தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதும் அவருக்கே தெரியவில்லை.