ஒரு கையகல மஞ்சள் பனி

உறைந்த ஆற்றின் பனிக்கட்டி முனகத் தொடங்கிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் அக்கரை சேர வேண்டிய முந்நூறு பனிமான்களும் இக்கரையிலேயே, சறுக்குவண்டிக்குப் பின்னால் கிடக்கும் ஒரு கையகல மஞ்சள் பனியை நக்க முண்டியடிக்கின்றன. அடியெடுக்கும்போதெல்லாம் அவற்றின் கால் நரம்புகள் சொடக்குப் போடும் சத்தம் காதைத் துளைக்கிறது. கொம்பு உதிர்ந்த கிடாக்களை, கொம்போடு நிற்கும் சினைப் பெட்டைகள் முட்டித் தள்ளுகின்றன. கத்திக் கத்தி மந்தைக்காரி ரிஸ்தனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. “குளிர்காலம் முழுக்க உப்புக்குப் பறக்குற ஜென்மங்கன்னு தெரியாதாடா உனக்கு? இங்கதான் ஒண்ணுக்குப் போகணுமா?” “அடக்க முடியல அண்ணி,” என்று தொப்பியைச் சொறிகிறான் கொழுந்தன் யோவ்னா. பல்லைக் கடித்தபடி, காபிக் குடுவையை அவன் கையில் திணிக்கிறாள். “ஒரு சொட்டு விடாம குடி. அக்கரைக்கு ஓடு. அங்க நின்னு இன்னொரு தடவை போ!”