ஒரு நிமிட மூப்பு

பல வருஷங்களுக்கு முன்னால், ஒரே காலையில் நீதிபதிகளாகப் பதவியேற்றவர்கள் மங்கையர்க்கரசியும் இன்னாசிமுத்துவும். தன் கழுத்துப்பட்டை அவிழ்ந்துவிட, "நீங்க முதல்ல போங்கம்மா" என்று இன்னாசிமுத்து ஒதுங்கிக்கொண்டார். முதலில் உறுதிமொழி சொன்னவரே பணியில் மூத்தவர். மூத்தவருக்கே தலைமை என்பது முறை. இன்று அவள் நாட்டின் தலைமை நீதிபதி. அவருக்கு இந்த மாதத்தோடு ஓய்வு.

நியமன உத்தரவு வந்ததும் நேரே அவர் அறைக்குப் போனாள். "இது உங்க நாற்காலி சார்" என்றாள்.

"நாற்காலி கெடக்குதும்மா. இனிமே என் சாப்பாட்டு டப்பா மீனைத் திருட ஆளிருக்காதே, அதைச் சொல்லுங்க."

தலைமை நீதிபதி தனியாகத்தான் சாப்பிட வேண்டும், அதுவும் முறைதான். தீர்ப்பில் மல்லுக்கட்டிவிட்டு ஒரே டப்பாவில் கைவைத்த மத்தியானங்கள்தான் எத்தனை. வாசலில் வெள்ளித்தடியோடு டவாலி அணிந்த சேவகர் அவளைப் புது அறைக்கு அழைத்துப்போகக் காத்திருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன மீன் சார்?"