லவ்வுக்கு ஏது உ?

மைனா இன்னிக்கோ நாளைக்கோ முட்டை போடணும். அந்த நேரம் பார்த்து ஒரு கிளி வந்து அதோட பொந்துல உக்காந்துக்கிச்சு. இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக் கூண்டுல இருந்து தப்பிச்ச கிளி.

"டேய், அது என் வீடுடா!"

"இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்குத்தான் பொந்து. வார்த்தை விளையாட்டு ஆடுவோம். நான் சொல்ற வார்த்தை எந்தச் சத்தத்துல முடியுதோ, அதுல நீ ஆரம்பிக்கணும். தோத்தவங்க காலி பண்ணணும்."

"முட்டை போட எதுக்குடா இங்கிலீஷ்?" மைனாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா வேற வழியில்ல. அதுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எல்லாம் டீக்கடை ஸ்பீக்கர்ல கேட்ட பாட்டுதான். பக்கத்துக் கிளை அணில் நடுவரா வந்துச்சு.

"ஸ்கூல்"னுச்சு கிளி.

"லவ்வு!"

"உ-வா? உ... ஊப்ஸ்!"

"ஸ்வீட்டு!"

கிளிக்கு முழி பிதுங்கிருச்சு. "அநியாயம்! லவ்வுக்கு ஏது உ? ஸ்வீட்டுக்கு ஏது உ?"

"பாட்டுல அப்படித்தான் வருது. உங்க டீச்சரை ஒரு பாட்டு பாடச் சொல்லு, தெரியும்."

கிளிக்கு றெக்கையெல்லாம் சிலிர்த்துக்கிச்சு. "அணிலே, நீ கேக்க மாட்டியா? எதுக்கும் ஒரு ரூலு வேணாமா?"

"என்ன வேணும்?"னுச்சு அணில்.

"ரூலு!"

"காதுல விழல."

"ரூலு! ரூலு! ரூலு!"

அணில் வாலால கீழ காட்டுச்சு. "உன் உ-வையும் எடுத்துக்கிட்டு எறங்கு ராசா. அவ முட்டை போடணும்."