மணப்பெண் போட்டோ கட்டாயம்

“அந்த வெள்ளை கவுன் இன்னிக்கே வேணும் சிஸ்டர். நானே வந்து வாங்கிக்கிறேன்.”

மெசேஜைப் பார்த்ததுமே ஜெனிஃபருக்குப் பொறி தட்டியது. கல்யாண கவுனை அன்றைக்கே கேட்கிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை.

தாராவியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தபடி, ஒரு முறை உடுத்திய கல்யாண உடைகளை இன்ஸ்டாகிராமில் விற்பவள் அவள். அம்மா ரோசம்மா துவைத்து, பிரித்துத் தைத்து, புதிதுபோல் ஆக்கிக் கொடுத்துவிடுவாள். வாங்குகிறவர்களுக்கு ஜெனிஃபர் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்று. மணப்பெண்ணின் போட்டோ கட்டாயம் அனுப்ப வேண்டும். அந்தப் போட்டோக்களைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் நம்பி வாங்குகிறார்கள்.

போன மாதம் ஒருத்தி லெஹங்கா வாங்கினாள். சைஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். பிரித்துப் பார்த்தால் பாவாடை முழுக்க பிரியாணி மசாலா! அதைப் போட்டுக்கொண்டு அவள் உல்லாஸ்நகரில் போட்ட ஆட்டம் ரீலாக வந்து ஊரே பார்த்துவிட்டது. அன்று ஜெனிஃபர் அழுத அழுகைக்கு அளவில்லை. இன்னொரு தடவை ஏமாந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

“பொண்ணோட அளவு என்ன?” என்று கவுன் கேட்டவனுக்கு மெசேஜ் போட்டாள்.

“கிட்டத்தட்ட சரியா இருந்தா போதும் சிஸ்டர்.”

“முதுகுல கொக்கியெல்லாம் பிஞ்சிருக்கு. தைக்கணும்.”

“பரவால்ல, அப்படியே கொடுங்க. தலைக்குப் போடுற நெட்டும் கிரீடமும் இருக்கா?”

ஜெனிஃபர் போனை அம்மாவிடம் நீட்டினாள்.

“ஏட்டி, கொக்கி இல்லாம எந்தப் பொண்ணு கவுன் போடுவா?” என்றாள் ரோசம்மா. “ரீல் எடுக்கிற பயலா இருப்பான். ஜாக்கிரதை.”

கொஞ்ச நேரத்தில் அவனே வந்துவிட்டான். பெயர் பிரைட்டன் என்றான். செம்பூரிலிருந்து வருகிறானாம். கசங்கிய சட்டை, சவரம் செய்யாத முகம், சிவந்த கண். ராத்திரி முழுக்க ஊற்றியிருக்கிறான் என்று ஜெனிஃபர் முடிவு கட்டினாள்.

“பொண்ணு வரலையா? போட்டுப் பார்க்க வேண்டாமா?”

“அவளால வர முடியாது.”

“எத்தனை மணிக்கு, எங்க?”

“சாயங்காலம் நாலு மணிக்கு. எங்க கோயில்லதான்.”

ஜெனிஃபர் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜெனிஃபரைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டான்!

“ஏன் பிரதர், நீங்க கிறிஸ்டியன்தானே? இது தவக்காலம்னு தெரியாதா? ஈஸ்டர் வரைக்கும் எந்த ஃபாதர் கல்யாணம் பண்ணி வைப்பாரு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது போதாதா? ஜெனிஃபர் வாசலுக்கே வந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி இந்தியும் தமிழுமாகக் கத்தினாள்.

“தேகோ, தேகோ! ஏக் தம் ஜூட், பச்சைப் பொய்! தவக்காலத்துல கல்யாணமாம்!”

எதிர்வீட்டு பரீஹா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“சிஸ்டர், நான் விலையைக் குறைக்கச் சொல்லல. கவுனும் திரும்பி வராது. தயவுசெஞ்சு கொடுத்திருங்க” என்றான் அவன்.

“முழு விலையும்தானே தாரான், குடுத்துத் தொலைட்டி” என்று ரோசம்மா காதைக் கடித்தாள்.

ஜெனிஃபர் கவுனை எடுத்தாள். ஆனால் சட்டென்று கொடுத்துவிடவில்லை.

“போட்டோ வரணும். இன்னிக்கே வரணும். பொண்ணு இதே கவுன்ல இருக்கணும், முகம் தெரியணும். வரலைன்னா உங்க மூஞ்சியை என் பேஜ்ல போட்டு நாறடிச்சிருவேன்.” சொன்ன கையோடு அவனை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

அவன் கவுனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “அனுப்புறேன் சிஸ்டர்” என்றான்.

இரண்டு கைகளையும் நீட்டி, தூங்குகிற குழந்தையை வாங்குவதுபோல அதை வாங்கிக்கொண்டு போனான்.

“என்னா ஆக்டிங்!” என்றாள் ஜெனிஃபர்.

சாயங்காலம் ஆனது. விளக்கு வைக்கும் நேரமும் வந்தது. போட்டோ வரவில்லை. ஜெனிஃபருக்கு ரத்தம் கொதித்தது. சொன்னதைச் செய்கிறவள் அவள். அவன் படத்தைப் பேஜில் போட்டு, “தவக்காலத்தில் கல்யாணம் என்று கவுன் வாங்கிப்போன பொய்யன். உஷார்!” என்று எழுதினாள்.

திட்டு மழை பொழிந்தது. ஜெயிலில் போடு என்றார்கள், செருப்பால் அடி என்றார்கள். ஒவ்வொன்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

அப்போதுதான் அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்து விழுந்தது.

அதே வெள்ளை கவுன். நெட், கிரீடம். மார்பின் மேல் கட்டிவைத்த கைகளில் ஜெபமாலை. முகம் நன்றாகத் தெரிந்தது, கண்கள் மூடியிருந்தன. சுற்றிலும் பூ, பூவைச் சுற்றிலும் பெட்டியின் மரச்சட்டம்.

“மாதாவே!” என்று அலறிவிட்டாள் ஜெனிஃபர். போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பேஜில் அவனை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் போன் கிணுகிணுத்தது.

ரோசம்மாதான் குனிந்து அதை எடுத்தாள். போட்டோவுக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“லேட் ஆயிடுச்சு, மன்னிச்சிருங்க சிஸ்டர். இப்பதான் அடக்கம் முடிஞ்சுது. ஈஸ்டர் முடிஞ்சதும் தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருந்தோம், அதான் கல்யாணப் பொண்ணாவே அனுப்பணும்னு அம்மா அழுதாங்க. உங்ககிட்ட மறைச்சது தப்புதான். ஆனா உண்மையைச் சொல்லிக் கேட்ட கடையில எல்லாம், ராசி போயிடும்னு கவுன் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க.”