முப்பதாவது தட்டு

"போச்சு, ஆறாவது தடவை" என்றாள் என் மனைவி.

நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கப்பல் ஏறி மூன்றாம் நாள். மேல்தளத்து பஃபேயில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒரே மேசையில் பரந்து கிடந்தன. பழம், ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு, பேர் தெரியாத பத்து வகை இனிப்பு. அத்தனையையும் விட்டுவிட்டு, சிவப்புத் தொப்பி போட்ட அந்த அம்மாள் ஆம்லெட் கவுன்ட்டரையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"டிக்கெட் காசை முட்டையிலேயே வசூல் பண்றா" என்றேன். மனைவி சிரித்தாள்.

தொப்பிக்காரம்மா தட்டைக் கொண்டுபோய் ஜன்னலோர மேசையில் வைத்தாள். அவள் கணவர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுச் சாய்ந்திருந்தார். கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணி, சத்தியமா முடியாது. இன்னொண்ணு உள்ள போனா கொக்கரக்கோன்னு கூவிடுவேன்."

"தின்னுட்டுக் கூவு."

சொல்லிவிட்டு மறுபடியும் கவுன்ட்டருக்குக் கிளம்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஊரார் தட்டை எண்ணுவது என் பழைய வியாதி. எழுந்து போனேன்.

"ஏம்மா, மத்தவங்களும் சாப்பிட வேண்டாமா?"

அவள் திரும்பினாள். "மத்தவங்களா? எங்கே, காட்டுங்க."

பார்த்தேன். கவுன்ட்டர் முன்னால் அவளையும் என்னையும் தவிர யாரும் இல்லை.

"நீங்க சாப்பிடறீங்களா? வாங்க, முதல்ல நில்லுங்க."

"வேண்டாம். நேத்தே நின்னு பார்த்தேன். கால் கடுத்ததுதான் மிச்சம்."

"ஓ, நீங்களும் அந்தக் கட்சியா?" அவள் குரல் உயர்ந்தது. "ஏன் நேரமாகுதுன்னு கேட்டீங்களா? ஜாடியில கலக்கி வச்ச முட்டையை ஊத்தினா ஒரு நிமிஷத்துல முடியும். இவர் ஒவ்வொரு தட்டுக்கும் புதுசா உடைக்கிறார். அதுதான் இவர் பண்ண குத்தம்!"

சமையல்காரர் சட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை. ஐம்பதை நெருங்கும் மனிதர். "விடுங்கம்மா, எனக்காக எதுக்கு..."

"நீங்க உடைங்க, நான் பேசிக்கறேன்." என் பக்கம் திரும்பினாள். "அதோ நிக்கிறாரே மேற்பார்வையாளர், கையில தட்டை எண்ணற பொத்தானோட. பதினோரு மணிக்குள்ள முப்பது தட்டு போகலைன்னா இந்தக் கவுன்ட்டரையே மடக்கிடுவாராம். இவரைக் கீழ்த்தளத்துக்குப் பாத்திரம் கழுவ அனுப்பிடுவாராம். பத்து வருஷம் அங்கதான் கிடந்திருக்கார் மனுஷன். ஜன்னல் கிடையாது. கப்பல்லயே இருந்துக்கிட்டு கடலைப் பார்க்காத ஆளு! இந்தப் பயணத்துலதான் மேல வந்திருக்கார்."

சமையல்காரருக்குப் பின்னால் கண்ணாடி முழுக்கக் கடல் தெரிந்தது.

மேற்பார்வையாளர் அருகே வந்தார். "மேடம், ஒருத்தரே எத்தனை தட்டு எடுப்பீங்க?"

"ஒருத்தருக்கு இத்தனைதான்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

"எழுதலை, ஆனா..."

"எழுதலைன்னா அமுக்குங்க."

அவர் பொத்தானை அமுக்கினார். இருபத்தேழு.

மணி பத்து நாற்பத்தைந்து. அவள் ஜன்னலோர மேசையைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள். கணவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். இருபத்தெட்டு. கொழுந்தன் வயிற்றைத் தடவியபடி வந்தான். இருபத்தொன்பது.

"நீங்களே ஒண்ணு சாப்பிடலாமே?" என்று கேட்டேன்.

"எனக்கு முட்டை ஆகாதுங்க. அந்த வாடையே குமட்டும். இல்லைன்னா இவங்களை ஏன் கெஞ்சறேன்?"

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் தட்டை முகத்திலிருந்து தள்ளியே பிடித்திருந்தாள்.

கடிகாரத்தில் இன்னும் ஆறு நிமிஷம். நான் ஒரு தட்டை எடுத்து நீட்டினேன்.

"மூணு நிமிஷம் ஆகும் சார்" என்றார் சமையல்காரர் பயந்தபடி.

"ஆகட்டும்."

இரண்டு முட்டைகளை உடைத்தார். வெங்காயத்தைத் தூவினார். சட்டியை ஆட்டியபோது அந்தக் கை ஒருவித மரியாதையோடு அசைந்தது. தட்டில் சரித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"முப்பதாவது நீங்கதான் சார். மறக்க மாட்டேன்."

மேற்பார்வையாளர் பொத்தானை அமுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். ஜன்னலோர மேசையில் கொழுந்தன் கொக்கரக்கோ என்று நிஜமாகவே கூவினான். மனைவியும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றாள் தொப்பிக்காரம்மா. "இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு புகார் அட்டைதான். பெட்டியில எவனோ எழுதிப் போட்டிருக்கான். காலையில நான் இங்க நிக்கும்போதே அந்த மேற்பார்வையாளர் அதை இவர் முகத்துக்கு நேரா சத்தமாப் படிச்சார். 'இவருக்கு முட்டையை விடப் பாத்திரம்தான் பொருத்தம். கழுவ அனுப்புங்கள்.' எவ்வளவு திமிர் இருந்தா இப்படி எழுதத் தோணும்?"

மனைவி சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று அந்த வரியை எழுதி முடித்து, "எப்படி?" என்று அவளிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டியவன் நான்.